பந்தி வாசலில் ஒரு கேமரா

குருமார்கள் மலையடிவாரத்தில்தான் இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. கோவில்பட்டியில் ஒருவர் ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் இருந்தார். பெயர் செண்பகவல்லி. வயது முப்பத்து நான்கு. கல்யாணப் போட்டோ எடுப்பது தொழில்.

சீடரின் பெயர் குருசாமி. வயது ஐம்பத்திரண்டு. தொலைபேசி இலாகாவில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, பள்ளிக்கூட நாளிலிருந்து மனதில் கிடந்த ஒரு ஆசைக்காக அந்த மாடிப்படி ஏறி வந்தவர். பெயரில் குருவை வைத்துக்கொண்டு சீடராக வந்துவிட்டாரே என்று ஜெராக்ஸ் கடைக்காரர் கேலி பேசுவார். குருசாமிக்கு அதில் வருத்தம் கிடையாது. தன்னைவிடச் சின்னவரை வாய் நிறைய 'மேடம்' என்று கூப்பிடுவதிலும் வருத்தம் கிடையாது. கற்றுக்கொள்ள வந்த இடத்தில் வயதைக் காட்டக் கூடாது என்பது அவர் கட்சி.

செண்பகவல்லி கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிற ரகம் இல்லை.

"எந்த ஃபிளாஷ் நல்லது மேடம்?" என்று ஒருமுறை குருசாமி கேட்டார்.

செண்பகவல்லி எழுந்துபோய் டியூப்லைட்டை அணைத்தார்.

"என் முகம் தெரியுதா அண்ணாச்சி?"

"ஜன்னல் வெளிச்சத்துல நல்லாவே தெரியுது."

"அப்ப ஜன்னலுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வாங்க, சாப்பிடுவோம்."

அதற்குப் பிறகு ஃபிளாஷைப் பற்றி அவர் கேட்கவில்லை. எந்த மண்டபத்துக்குப் போனாலும் முதலில் ஜன்னல் எங்கே இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினார்.

இப்படி ஒரு வருஷம் விளக்கு தூக்கி, பை சுமந்து, பக்கத்தில் நின்று படம் எடுத்துப் பழகினார். வரப்போகிற ஆவணிக்கு அவருக்கு முதல் கல்யாணம் வந்தது. பழைய ஆபீஸ் நண்பர் தன் மகள் கல்யாணத்தை நம்பி ஒப்படைத்துவிட்டார். குருசாமி தனியாக எடுக்கப்போகிற முதல் கல்யாணம் அது. அதுவரை எடுத்ததெல்லாம் மேடத்தின் கேமராவில். இனி சொந்தமாக ஒன்று வேண்டும். ஓய்வுப் பணத்தில் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு கேமராவுக்குத்தான் காணும்.

"பாத்து வாங்குங்க. தப்பா வாங்கிட்டு வந்து முழிச்சுக்கிட்டு நிக்காதீங்க," என்று வீட்டில் மனைவி சொல்லிவிட்டார்.

குருசாமிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பல் தேய்க்கும்போதுகூட யூடியூபில் கேமராக்காரர்கள் பேசுவதைக் கேட்டார். எந்தக் கம்பெனியில் எந்த மாடல், எது எத்தனை வேகம், எது இருட்டில் தாங்கும் என்று தலைகீழாகச் சொல்லுவார். அலசி அலசிக் கடைசியில் இரண்டில் வந்து நின்றது.

ஒன்று பெரியது. நல்ல கனம். தோளில் மாட்டினாலே ஆள் தொழில்காரர் என்று மண்டபத்தில் வழி விடுவார்கள். அதன் பின்பக்கத் திரை அசையாது. இன்னொன்று அதைவிடக் கொஞ்சம் சின்னது. அதன் திரை அலமாரிக் கதவு மாதிரித் திறந்து எந்தப் பக்கமும் திரும்பும். அது செல்ஃபி எடுக்கிற பிள்ளைகளுக்கானது என்பது குருசாமியின் தீர்ப்பு. தொழில்காரன் கண்ணை வைத்துப் பார்ப்பான், கதவைத் திறந்து மூடி விளையாடிக்கொண்டிருக்க மாட்டான். மேடத்திடம் இருந்த பழைய கேமராவிலும் அப்படி ஒரு கதவு இருந்தது. ஒரு வருஷமாக அதைச் சுமந்தவர் ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை.

பெரியதுதான் என்று பாதி மனது முடிவு கட்டியிருந்தாலும், ஒரு வார்த்தை கேட்காமல் வாங்க மனம் வரவில்லை.

"மேடம், மதுரைக் கடையில ரெண்டையும் எடுத்து வச்சிருக்கான். திங்கக்கிழமை சொல்லியாகணும். எதை வாங்கினா கல்யாணத்துல ஒண்ணும் தவறாது?"

செண்பகவல்லி லென்ஸ் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தவறாதுன்னா?"

"தாலி கட்டுற நேரம் மேடம். அது தவறிட்டா மறுபடி கட்டுங்கன்னு சொல்ல முடியாதே."

"யாருக்குத் தவறக் கூடாது?"

இதென்ன கேள்வி என்று குருசாமிக்குப் பட்டது. "எனக்குத்தான்," என்றார்.

செண்பகவல்லி லென்ஸுக்கு மூடியைப் போட்டார்.

"ஞாயித்துக்கிழமை ஒரு முகூர்த்தம் இருக்குல்லா. அது முடியட்டும், சொல்லுதேன்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மண்டபத்துக்குப் போனார்கள். மணப்பெண் மாரீஸ்வரி அறையில் தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். செண்பகவல்லி நாலைந்து படம் எடுத்துவிட்டு, பேச்சோடு பேச்சாகக் கேட்டார்.

"தாலி கட்டுறப்ப உங்க அம்மா எங்க நிப்பாங்க?"

பெண் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பந்திப் பக்கம் நிக்கேன்னு சொல்லிருச்சுக்கா."

குருசாமியும் அங்கேதான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். காதில் விழுந்தது, மனதில் நிற்கவில்லை. அவர் மனதெல்லாம் மேடையில் எந்த மூலையில் நிற்பது என்பதிலேயே இருந்தது.

அறையை விட்டு வெளியே வந்ததும் செண்பகவல்லி கதவு வைத்த அந்தப் பழைய கேமராவில் நீள லென்ஸை மாட்டி அவர் கையில் கொடுத்தார்.

"நீங்க பந்தி வாசல்ல நில்லுங்க அண்ணாச்சி. அங்கேருந்து எடுங்க."

"பந்தி வாசலா? மேடம், அது மண்டபத்தோட அந்தக் கோடி."

"அதுக்குத்தான் நீள லென்ஸ்."

"மேடையில?"

"மேடையில நான் இருக்கேன்."

அதற்கு மேல் பேச இடமில்லை. குருசாமி போய் நின்றார். முன்னால் மண்டபம் முழுக்க நாற்காலிகள். பின்னால் சாம்பார் மணம். ஒரு வருஷம் உழைத்த உழைப்புக்கு அப்பளக் கூடைக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது என்று நினைத்தபோது நெஞ்சு கசந்தது. ஆவணியில் என்ன செய்யப்போகிறோமோ என்ற பயம் வேறு.

அந்த வாசலில் ஏற்கெனவே ஒரு அம்மாள் நின்றிருந்தார். சாம்பல் நிறப் பட்டுச்சேலை, வெறும் நெற்றி, ஒல்லியான தேகம். உள்ளே பார்த்து, "எலையத் துடைச்சுப் போடுங்கப்பா," என்றார். உள்ளே இருந்தவர்கள் துடைத்துத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க பொண்ணு வீடாம்மா?" என்று குருசாமி கேட்டார்.

"பொண்ணு என் பொண்ணுதாண்ணே. எம் பேரு சீனியம்மா."

குருசாமி திரும்பிப் பார்த்தார்.

"மேடைக்குப் போகலையா?"

"எங்க அண்ணனும் மதினியும் தாரை வார்க்காக. எனக்கு இங்க பந்தி வேலை கெடக்கு."

"முகூர்த்தம் நெருங்கிருச்சேம்மா."

"நல்ல நேரம்ணே. நான் எதுக்கு? இங்கேருந்து மேளச் சத்தம் கேக்கும்லா."

அப்போதுதான் குருசாமிக்கு அறையில் கேட்ட பேச்சு ஞாபகம் வந்தது.

புருஷன் செத்தவள் தாலி கட்டும் நேரத்தில் முன்னால் நிற்கக் கூடாதாம். அதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, அவர்களே ஒரு வேலையைச் சாக்கு வைத்துக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். மண்டபத்துக்கு ஏசி வந்துவிட்டது. பந்திக்கு ஐஸ்கிரீம் வந்துவிட்டது. இந்தப் பாழாய்ப்போன வழக்கம் மட்டும் வெளியே போக மாட்டேன் என்கிறது.

"இவ அப்பா போனப்ப இவ எட்டாங்கிளாஸ்," என்றார் சீனியம்மாள், கேட்காமலே. "தீப்பெட்டி ஆபீஸ் வேலைதான். அதுலதான் படிக்க வச்சேன். இந்த ஒரு நாளைப் பாத்துட்டா போதும்னு இருந்தேன்."

பார்க்கிற இடத்தில் நிற்கவில்லையே என்று குருசாமிக்குச் சொல்லத் தோன்றியது.

அட்சதைத் தட்டு வந்தது. கொண்டுவந்த ஆள் குருசாமிக்கு நீட்டினான். சீனியம்மாளைக் கண்டதும் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கணம் தயங்கி, அப்படியே தட்டைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். குருசாமியின் ஒரு கையில் கேமரா, இன்னொரு கையில் அட்சதை. அட்சதையை வைத்துக்கொண்டு லென்ஸைத் திருக முடியாது.

"அம்மா, இதைக் கொஞ்சம் பிடிங்க. எனக்கு ரெண்டு கையும் வேணும்."

சீனியம்மாள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நீட்டி வாங்கிக்கொண்டார். ஒரு மணி அரிசி கீழே விழாமல் வாங்கினார்.

ஐயர் கை காட்டினார். கெட்டி மேளம் முழங்கியது. மண்டபமே எழுந்து நின்றது.

குருசாமி கேமராவைக் கண்ணில் வைத்தார். ஒரு வழுக்கைத் தலையும் தூக்கிப் பிடித்த செல்போன்களும் தெரிந்தன. இடது பக்கம் நகர்ந்தார். வீடியோக்காரரின் முதுகு தெரிந்தது. கேமராவைத் தலைக்கு மேலே தூக்கினார். தூக்கிவிட்டால் கண் எட்டாது, எதை எடுக்கிறோம் என்று தெரியாது. அப்போதுதான் அந்தக் கதவு நினைவுக்கு வந்தது. விரலால் நெம்பித் திறந்து திரையைக் கீழ்ப்பக்கமாகச் சாய்த்தார்.

அவ்வளவு தூரத்து மேடை கைக்குள் வந்துவிட்டது. குனிந்த கழுத்து, அதில் மல்லிகைச் சரம், மாப்பிள்ளையின் கையில் மஞ்சள் கயிறு. குறுக்கே ஒரு தலை இல்லை. அந்த மண்டபத்தில் யாருக்கும் கிடைக்காத காட்சி. குருசாமி விரலைப் பொத்தானில் வைத்தார்.

"தெரியலையே."

சீனியம்மாள் யாரிடமும் சொல்லவில்லை. தனக்குத்தானே சொன்னார். கையில் அட்சதையை ஏந்திக்கொண்டு, நுனிக்காலில் எம்பி, முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குருசாமி யோசிக்கவில்லை. திரையை அவர் பக்கம் திருப்பினார்.

"இதுல பாருங்கம்மா. இதோ, உங்க பொண்ணு."

திருப்பிய பிறகு திரையில் என்ன நடக்கிறது என்று குருசாமிக்குத் தெரியவில்லை. அந்த அம்மாளின் முகம்தான் தெரிந்தது. கேமரா அசையாமல் இருக்க வேண்டுமே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"கயித்தைக் கொண்டு போறாரு," என்றார் சீனியம்மாள். "போட்டுட்டாரு. ஒண்ணு..."

மேளம் காதைக் கிழித்தது.

"ரெண்டு... மூணாவது நாத்தனா போடுதா. போட்டுட்டா. போட்டுட்டாண்ணே!"

சுற்றிலும் அட்சதை பறந்தது. பின்னால் நின்றவர்கள் எறிந்ததெல்லாம் முன்வரிசைக்காரர்கள் தலையில் விழுந்தது. சீனியம்மாள் மேடையின் பக்கம் பார்க்கவே இல்லை. கையிலிருந்த அட்சதையை அந்தச் சின்னத் திரைமேல், அதில் தெரிந்த மகள் தலைமேல் போட்டார்.

"நல்லா இரு தாயி. நல்லா இரு."

அரிசி கேமராவில் விழுந்து, குருசாமியின் சட்டைக் காலருக்குள் இறங்கியது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. யாருக்கு எதற்கு நன்றி சொல்கிறோம் என்று தெரியாமலே, மனதுக்குள் நன்றி நன்றி என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் மேடையிலிருந்து செண்பகவல்லியின் குரல் வந்தது. "பொண்ணோட அம்மா எங்க? அவங்க வராம குடும்பப் போட்டோ கிடையாது!"

மேடையில் யாரோ ஏதோ முணுமுணுத்தார்கள். செண்பகவல்லி கேமராவைத் தாழ்த்திக்கொண்டு சும்மா நின்றார். கல்யாண வீட்டில் ஐயர் பேச்சை மீறினாலும் மீறுவார்கள், போட்டோக்காரர் பேச்சை மீற மாட்டார்கள். முணுமுணுப்பு அடங்கியது.

சீனியம்மாள் குருசாமியைப் பார்த்தார்.

"போங்கம்மா. கூப்பிடுறாங்கல்லா."

அவர் போனார். மேடையில் மாரீஸ்வரி மாலை கசங்குவதைப் பார்க்காமல் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். குருசாமி அதை அங்கிருந்தே எடுத்தார். நன்றாக வந்தது. எடுத்து முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. தாலி கட்டியதை எடுக்கவில்லை. விரல் பொத்தானில்தான் இருந்தது. ஒரு படம்கூட இல்லை.

கடைசிப் பந்தியில் சாப்பிட்டுக் கை கழுவி வந்தபோது சீனியம்மாள் தாம்பூலப் பையோடு காத்திருந்தார்.

"அண்ணே, அந்தப் பொட்டியில நான் பாத்தேன்லா, மூணு முடிச்சும். அந்தப் படம் ஒண்ணு எனக்குப் போட்டுத் தருவீகளா? மேடையில எடுத்தது ஆல்பத்துல வந்துரும். எனக்கு நான் நின்ன எடத்துலேருந்து தெரிஞ்சது வேணும்."

குருசாமி உள்ளதைச் சொன்னார்.

"அம்மா... நான் அமுக்கலை. உங்களுக்குக் காட்டுனதுல அதை மறந்துட்டேன். என்கிட்ட அந்தப் படம் இல்லைம்மா."

சீனியம்மாள் அவரையே பார்த்தார். அந்த முகத்தில் ஒரு ஏமாற்றம் வந்தது, வரவில்லை என்று சொல்ல முடியாது. பிறகு சிரித்தார்.

"போகுது போங்க. நான் பாத்துட்டேன்லா. இத்தனை பேரு இருக்கிற மண்டபத்துல எனக்குன்னு கையத் தூக்கிக்கிட்டு ஒருத்தர் நின்னீகளே, அதுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?"

பையை அவர் கையில் திணித்துவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடக் குருசாமி தாங்கியிருப்பார்.

மண்டபம் காலியானது. செண்பகவல்லி நாற்காலியில் உட்கார்ந்து சாமான்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். குருசாமி கேமராவை நீட்டினார். கதவின் கீலில் இரண்டு மூன்று மஞ்சள் அரிசி ஒட்டியிருந்தது. செண்பகவல்லி அதைப் பார்த்தார். தட்டிவிடவில்லை.

"எந்தக் கேமரா வாங்கணும்னு கேட்டீங்கல்லா அண்ணாச்சி."

"அது தெரிஞ்சுபோச்சு மேடம். கதவு வச்சதுதான்."

"பெறகு ஏன் முகம் இப்படி இருக்கு?"

குருசாமி நடந்ததைச் சொன்னார். 'தெரியலையே' என்ற சொல்லிலிருந்து தாம்பூலப் பை வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார்.

"மேடையில நீங்க இருந்ததால இன்னைக்குத் தப்பிச்சேன். ஆவணியில நான் ஒத்தை ஆளு மேடம். அன்னைக்கும் ஒருத்தர் பக்கத்துல நின்னு தெரியலையேன்னு சொல்லுவாங்க. எனக்குத் தெரியும், நான் மறுபடியும் திருப்பத்தான் செய்வேன். அப்புறம் நண்பன் வந்து படம் எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்ல? நான் காட்டவா, எடுக்கவா? ரெண்டுல எது மேடம் சரி?"

செண்பகவல்லி எழுந்தார். கேமராவைத் தலைக்கு மேலே தூக்கினார். கதவைத் திறந்து, திரையைக் குருசாமியின் பக்கம் திருப்பினார்.

"என்ன தெரியுது?"

குருசாமி பார்த்தார். தூரத்து மேடை கைக்குள் இருந்தது. உதிர்ந்த மல்லிகை, காலியான மணவறை நாற்காலி இரண்டு, அவற்றின் நடுவே யாரோ மறந்துவிட்டுப் போன விசிறி.

"எல்லாம் தெரியுது மேடம்."

கேமரா 'க்ளிக்' என்றது.

செண்பகவல்லி கையை இறக்கினார். திரையில், குருசாமி அந்த நொடி பார்த்துக்கொண்டிருந்தது அப்படியே படமாகி நின்றது. அவர் கேமராவை மெதுவாகக் குருசாமியின் கையில் வைத்தார்.

"காட்டுனது சரிதான் அண்ணாச்சி. விரல் சும்மாத்தானே இருந்துச்சு?"

குருசாமி தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கேமராவைப் பத்திரமாக நாற்காலியில் வைத்துவிட்டு, அந்த விரலையும் சேர்த்து இரண்டு கையையும் குவித்து, தன்னைவிடச் சின்னவரைக் கும்பிட்டார்.